கூரைமேல் வெயிலும் விடியற்காலை வெந்நீரும்

இந்தியாவின் பெரும்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 300 நாட்கள் தெளிந்த வெயில் காய்கின்றது. ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது நாளொன்றுக்கு, இடத்தையும் பருவத்தையும் பொறுத்து, 4 முதல் 7 யூனிட்டு வரையில் சூரிய சக்தி விழுகின்றது. இச்செல்வம் வீட்டுக் கூரையின்மீது கேட்பாரற்றுக் கிடக்க, அதே கூரையின் கீழுள்ள குளியலறையில் இரண்டு வாளி நீரைச் சுடவைப்பதற்காக, எங்கோ தொலைவிலுள்ள மின்நிலையத்தில் நிலக்கரி எரிக்கப்படுகின்றது. இம்முரண்பாடு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. இதனை நீக்குவதற்குரிய கருவியும் புதியதன்று. எனினும், இன்று இப்பொருளை மீண்டும் ஆராய்வதற்கு ஒரு காரணம் ஏற்பட்டிருக்கின்றது.

2024 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மத்திய அரசாங்கம் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய இல்லத் திட்டம், ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் மின்சாரம் உண்டாக்கும் பலகைகளைப் பொருத்துவதற்கு உதவித்தொகை அளிக்கின்றது. இத்திட்டம் பரவிவரும் இவ்வேளையில், வீடு கட்டுவோரும் பொறியாளர் சிலரும் ஒரு கேள்வியை எழுப்புகின்றனர்: ‘மின்சாரமே கூரையில் உற்பத்தியாகும்போது, வெந்நீருக்கென்று தனியாக ஒரு கருவி எதற்கு? பலகையைப் போட்டுவிட்டுக் கீஸரை வைத்துக்கொண்டால் போதாதா?’ கேள்வி நியாயமானதே. ஆனால், அதற்கு அவசரமாக அளிக்கப்படும் ‘போதும்’ என்ற விடை தவறானது. வெந்நீரைப் பொறுத்தவரையில் வெயில் எவ்வளவு கிடைக்கின்றது என்பதைக் காட்டிலும், அது எவ்வேளையில் கிடைக்கின்றது, எவ்வேளையில் தேவைப்படுகின்றது என்பதே முதன்மையான விஷயமாகும்.

வெந்நீரின் கணக்கு

ஒரு லிட்டர் நீரின் உஷ்ணநிலையை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்துவதற்கு ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். மின்சாரத்தில் ஒரு யூனிட்டு என்பது 860 கிலோ கலோரிக்குச் சமம். இதன்படி, 25 டிகிரியில் உள்ள 100 லிட்டர் நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 3,500 கிலோ கலோரி, அதாவது ஏறத்தாழ 4 யூனிட்டு தேவைப்படுகின்றது. இதே 4 யூனிட்டைக் கொண்டு 75 வாட்டு மின்விசிறி ஒன்றை இரண்டு நாட்களுக்கு மேலாக இடைவிடாது சுழற்றலாம். வெந்நீர் எத்துணை மின்சாரத்தை விழுங்கக்கூடியது என்பது இதனால் விளங்கும்.

60 டிகிரி நீரை அப்படியே உடலில் ஊற்றிக்கொள்ள இயலாது. தண்ணீர் கலந்து 40 டிகிரிக்கு விளாவினால், 100 லிட்டர் 230 லிட்டராகப் பெருகும். இது 20 லிட்டர் வாளியில் பதினொரு வாளிக்குச் சற்று அதிகம். நான்கைந்து பேர் உள்ள குடும்பத்தின் குளியலுக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் இது தாராளமாகப் போதும். சூரிய வெந்நீர்க் கருவிகளில் 100 லிட்டர் அளவு வீடுகளுக்குரியதாக வழக்கத்திற்கு வந்ததன் காரணம் இதுவே.

இனி, இந்த வெப்பத்தை மின்சாரத்தால் பெறுவதன் தன்மையை நோக்குதல் வேண்டும். நிலக்கரியை எரிப்பதால் உண்டாகும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சிறிது மேற்பட்ட அளவே மின்சாரமாக மாறுகின்றது. எஞ்சியது புகைபோக்கியின் வழியாகவும் குளிர்விக்கும் நீரின் வழியாகவும் வீணாகிறது. அம்மின்சாரத்திலும் ஒரு பகுதி கம்பிகளில் தேய்ந்துபோக, மீதம் வீடு வந்து சேர்கின்றது. கீஸருக்குள் அது மீண்டும் வெப்பமாக மாற்றப்படுகின்றது. மூன்று பங்கு வெப்பத்தை எரித்து ஒரு பங்கு வெப்பத்தைப் பெறும் இம்முறை, அரிசியைக் கொடுத்து உமியை வாங்குவதற்கு ஒப்பாகும். விளக்கிற்கும் மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் மின்சாரம் இன்றியமையாதது. குளியல்நீரைச் சுடவைக்கவோ வெறும் வெயிலே போதுமானது.

வேளையைப் பற்றிய கணக்கு இதனினும் முக்கியமானது. கீஸர் ஒன்று சாதாரணமாக 2 கிலோவாட்டு மின்சாரத்தை இழுக்கும். ஒரு நகரத்து மக்கள் அனைவரும் ஏறக்குறைய ஒரே வேளையில், காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், குளிக்கின்றனர். 100 லிட்டர் அளவுள்ள 1,000 சூரிய வெந்நீர்க் கருவிகள் இருந்தால் இக்காலை நெருக்கடியில் 1 மெகாவாட்டு குறையும் என்பது மத்திய எரிசக்தி அமைச்சகத்தின் மதிப்பீடு. ஒரு லட்சம் வீடுகள் என்றால் அது 100 மெகாவாட்டு ஆகின்றது. நாள்தோறும் இரண்டு மணி நேரத் தேவைக்காக அத்துணை மின்நிலையங்களையும் கம்பிகளையும் மின்மாற்றிகளையும் சித்தமாக வைத்திருக்க வேண்டியுள்ளது. அச்செலவு கீஸர் வைத்திருப்போர்மீது மட்டும் விழுவதில்லை. கீஸரே இல்லாத ஏழையின் மின்கட்டணத்திலும் அதில் ஒரு பங்கு சேர்ந்துவிடுகின்றது.

கீஸர் வாங்க இயலாதோரின் நிலையும் நினைவிற்கு உரியது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களில் இன்றும் குளியலறையை அடுத்துச் செப்பு அண்டாவைப் பதித்து, அதன் கீழ் விறகும் தென்னை மட்டையும் எரிக்கும் வழக்கம் உண்டு. விறகு சேர்க்கும் உழைப்பும், விடியலில் புகையூதும் துன்பமும் பெரும்பாலும் பெண்களுக்கே உரியன. நகரங்களில் வாடகைச் சிறுவீடுகளில் வாழ்வோர், ‘ராட்’ என்று வழங்கும் மின்கம்பியை வாளி நீரில் அமிழ்த்திச் சுடவைக்கின்றனர். ஈரக் கையுடன் அதனைத் தொட்டு உயிரிழப்போர் உண்டு. மலிவும் அபாயமற்றதுமான வெந்நீர் என்பது வசதி படைத்தோரின் ஆடம்பரமாகக் கருதத்தக்கதன்று.

கருவியின் வரலாறும் அமைப்பும்

கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயில் புகுந்தால் வெப்பம் அதனுள்ளே சிறைப்படும் என்பதை 1767 ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்து அறிஞர் ஸோஸ்யூர் சோதனை செய்து காட்டினார். அவருடைய பெட்டிக்குள் நீரின் கொதிநிலையையும் கடந்த உஷ்ணம் ஏற்பட்டது. இந்திய மண்ணிலும் இவ்வாராய்ச்சிக்குப் பழமையான தொடர்பு உண்டு. பம்பாயில் நீதிமன்ற அலுவலராக இருந்த வில்லியம் ஆடம்ஸ், கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கி, வெப்ப நாடுகளில் விறகுக்கும் நிலக்கரிக்கும் பதிலாக வெயிலைப் பயன்படுத்தலாம் என்று 1878 ஆம் ஆண்டில் ஒரு நூலையே வெளியிட்டார்.

வீட்டிற்குரிய வெந்நீர்க் கருவி அமெரிக்காவில் தோன்றியது. 1891 ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கறுப்பு வண்ணம் பூசிய நீர்த்தொட்டிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து உரிமை பெற்றார். பிற்பகலில் அதில் நல்ல வெந்நீர் கிடைத்தது. இரவிலோ தொட்டி குளிர்ந்துவிட்டது. 1909 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் இக்குறையை நீக்கினார். வெயிலை ஏற்கும் தகட்டையும் நீரைத் தேக்கும் தொட்டியையும் அவர் வெவ்வேறாகப் பிரித்து, தொட்டியைச் சுற்றிலும் வெப்பம் கடவாத பொருளால் போர்த்தினார். பகலில் சுட்ட நீர் மறுநாள் காலைவரை சூடாகவே இருந்தது. ‘பகலும் இரவும்’ என்று பொருள்படும் பெயரிலேயே அக்கருவி விற்பனையாயிற்று. கெம்ப்பின் கருவியைப் பெய்லியின் கருவி வென்றதற்குக் காரணம், அதிக வெப்பத்தைப் பிடித்தமையன்று. பிடித்த வெப்பத்தைக் காலைவரை காத்தமையே ஆகும். இவ்வுண்மை இன்றைய விவாதத்திற்கும் பொருந்துவதாகும்.

இந்தியாவில் சுதந்திரத்திற்குப் பின் 1950களில் புது டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சி நிலையம் சூரிய அடுப்பை அமைத்தது. பிறகு, ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் முதலிய நிலையங்கள் சூரிய வெந்நீர்க் கருவிகளைப் பற்றி ஆராய்ந்தன. இன்று கடைகளில் கிடைப்பவை இரு வகைப்படும். முதலாவது வகையில், கறுப்புப் பூச்சுடைய செப்புத் தகடும் அதனோடு இணைந்த செப்புக் குழாய்களும் ஒரு பெட்டிக்குள் அமைந்து, மேலே கண்ணாடியால் மூடப்பட்டிருக்கும். இரண்டாவது வகையில், ஒன்றனுள் ஒன்றாக இரு கண்ணாடிக் குழாய்கள் அமைந்து, அவற்றின் இடைவெளியில் காற்று நீக்கப்பட்டிருக்கும். காப்பியைச் சூடாக வைத்திருக்கும் பிளாஸ்கின் தத்துவமே இது. இருவகைக் கருவிகளுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரங்களை வகுத்துள்ளது.

இவற்றில் நீரைச் சுழற்றப் பெரும்பாலும் மோட்டார் தேவையில்லை. சுட்ட நீர் கனம் குறைந்து தானே மேலெழும். குளிர்ந்த நீர் கீழிறங்கும். ஆதலால், தகட்டின் மேல்விளிம்பிற்கும் உயரத்தில் வெந்நீர்த் தொட்டியும், அதற்கும் மேலே குளிர்நீர்த் தொட்டியும் இருத்தல் வேண்டும். தகடு தெற்கு நோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். 2 சதுர மீட்டர் தகட்டின்மீது நாளொன்றுக்கு 10 யூனிட்டு வெயில் விழுந்து, அதில் பாதி நீரைச் சேர்ந்தாலும் 5 யூனிட்டு ஆகின்றது. 100 லிட்டர் நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர இது போதும் என்பது மேற்கூறிய கணக்கினால் தெளிவாகும்.

பெங்களூருவின் அனுபவம்

இக்கருவி இந்திய நகரங்களுள் பெங்களூருவைப் போல் வேறெங்கும் பரவவில்லை. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள அந்நகரில் வெயிலுக்குக் குறைவில்லை. காலைக் குளிருக்கும் குறைவில்லை. கோடையில் குழாய்நீரே சுடும் கடற்கரை நகரங்களில் இக்கருவி ஆண்டில் சில மாதங்களே பயன்படும். பெங்களூருவிலோ ஏறக்குறைய ஆண்டு முழுவதும் வெந்நீர் வேண்டும். உள்ளூரிலேயே கருவி செய்யும் தொழிற்சாலைகளும் அமைந்தன. 2007 ஆம் ஆண்டில் கர்நாடக அரசாங்கம், குறிப்பிட்ட பரப்பளவிற்கு மேற்பட்ட புதிய வீடுகளில் இக்கருவியைக் கட்டாயமாக்கியது. மின்சார விநியோகக் கம்பெனி, கருவி பொருத்தியோருக்கு மாதக் கட்டணத்தில் ஒரு சிறு தள்ளுபடியும் அளித்தது. அந்நகரத்தின் வீதிகளில் மொட்டை மாடிதோறும் உருளைத் தொட்டிகள் காணப்படுவது இவற்றின் பயனாகும்.

நாடு முழுவதற்குமாக, 2010 ஆம் ஆண்டில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தித் திட்டம், 2022 ஆம் ஆண்டிற்குள் 2 கோடி சதுர மீட்டர் ஏற்புத் தகடுகளை நிறுவுவதென இலக்கு வகுத்தது. பின்னர் வெந்நீர்க் கருவிக்கான மத்திய உதவித்தொகை நிறுத்தப்பட்டு, அரசாங்கத்தின் கவனமும் மக்களின் கவனமும் மின்பலகைகளின் பக்கம் திரும்பின. பலகைகளின் விலை வியக்கத்தக்க அளவில் வீழ்ந்தமையால் அது இயல்பே.

பெங்களூருவின் அனுபவத்தில் போற்றத்தக்கது எவ்வளவோ, படிப்பினையும் அவ்வளவு உண்டு. மின்இணைப்புப் பெறும் நாளன்று கருவி கூரைமேல் இருக்கின்றதா என்பதையே விதி கேட்கின்றது. ஐந்தாண்டுகள் கழித்து அதில் வெந்நீர் வருகின்றதா என்று கேட்போர் இலர். கருவி ஒரு சான்றிதழைப் பெறுவதற்காகவே வாங்கப்படுமானால், அது மிக மலிவானதாகவும் மிக மோசமாகப் பொருத்தப்பட்டதாகவும் அமைவதில் வியப்பில்லை.

குறைகள் யாவை?

முதற் குறை உப்புநீர். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புக்கள் கரைந்துள்ளன. நீர் சூடேறும்போது இவற்றின் ஒரு பகுதி சுண்ணாம்புப் படிவாகப் பிரிந்து குழாயின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கின்றது. செப்புக் குழாய்கள் குறுகலானவை. சில ஆண்டுகளில் அவை அடைபட்டுவிடும். வீட்டுக்காரர் ‘சூரியக் கருவி பயனற்றது’ என்று முடிவு கட்டி, கீஸரின் விசையைத் தட்டுகின்றார். இதற்குப் பரிகாரம் உண்டு. தகட்டில் ஓடும் நீர் வேறாகவும் குளிக்கும் நீர் வேறாகவும் அமைந்து, வெப்பம் மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குக் கடக்கும் அமைப்பு கிடைக்கின்றது. விரிந்த கண்ணாடிக் குழாய் வகையும் எளிதில் அடைபடாது. எந்நீருக்கு எவ்வகை ஏற்றது என்பதை வாங்குவோருக்கு எடுத்துரைக்கும் கடமை விற்போருக்கு உண்டு.

இரண்டாவது குறை குழாயின் நீளம். மாடித் தொட்டியிலிருந்து கீழ்த்தளக் குளியலறை வரையில் 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் 20 மீட்டர் நீளம் ஓடுமானால், அதற்குள் 6 லிட்டருக்கு மேற்பட்ட நீர் தங்கியிருக்கும். இரவில் குளிர்ந்துபோன இந்நீர் முழுவதும் வெளியேறிய பின்னரே வெந்நீர் வரும். 2024 ஆம் ஆண்டின் கோடையில் கடும் நீர்ப்பஞ்சத்தைக் கண்ட நகரத்தில், காலைதோறும் ஒரு குழாய்க்கு ஆறு லிட்டர் நீரைச் சாக்கடையில் விடுவது மன்னிக்கத்தக்கதன்று. குழாயை 15 மில்லிமீட்டராகக் குறைத்தால் இவ்வீண் செலவு பாதியளவிற்கு வந்துவிடும். குளியலறைகளைத் தொட்டிக்கு நேர் கீழே ஒருங்கே அமைத்து, வெந்நீர்க் குழாய்க்கு உறையிட்டால் மேலும் நன்மை. வீட்டின் வரைபடம் தீட்டும்போது செலவின்றி முடியக்கூடிய இக்காரியம், சுவர் எழும்பிய பின் பெருஞ்செலவாகிவிடுகின்றது.

மூன்றாவது குறை பொருளாதாரத்தைச் சேர்ந்தது. கருவிக்குப் பணம் கொடுப்பவர் வீட்டு உரிமையாளர். மின்கட்டணம் குறைவதால் லாபம் அடைபவர் குடியிருப்பவர். ஆகவே, பழுதுபார்க்கும் செலவை ஏற்க இருவருமே முன்வருவதில்லை. மேலும், கர்நாடகத்தில் 2023 ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்படி வீடுகளுக்கு மாதம் 200 யூனிட்டு வரையில் வரம்பிற்குட்பட்டு மின்சாரம் இலவசமாக வழங்கப்படுகின்றது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால், மின்சாரத்திற்கு விலை இல்லாதபோது கருவியைச் சீர்செய்யும் தூண்டுதலும் இல்லாமற் போகின்றது. இலவசத்தை வழங்கும் அரசாங்கமே அம்மின்சாரத்தின் விலையைச் செலுத்துவதால், அக்குடும்பங்களின் கூரையில் வெந்நீர்க் கருவியை நல்ல நிலையில் வைத்திருப்பது அரசாங்கத்திற்கே லாபமாகும்.

விற்பனையாளர் கூறும் ஒரு கணக்கையும் திருத்திக்கொள்ளல் நலம். 100 லிட்டர் கருவி ஆண்டுக்கு 1,500 யூனிட்டு வரையில் மிச்சப்படுத்தும் என்பது அரசாங்க மதிப்பீடு. நாள்தோறும் 100 லிட்டர் வெந்நீரும் செலவாகும் வீட்டிற்கே அது பொருந்தும். நால்வர் ஆளுக்கு ஒரு வாளி வெந்நீரில் குளிக்கும் வீட்டில் மிச்சம் ஏறத்தாழ 600 யூனிட்டே. கருவியின் விலை ரூ.25,000 என்றும் யூனிட்டின் விலை ரூ.6 என்றும் கொண்டால், முதல் வீட்டில் மூன்று ஆண்டுகளுக்குள் முதல் திரும்பும். இரண்டாவது வீட்டில் ஏழு ஆண்டுகள் ஆகும். நன்கு பேணப்பட்ட கருவி பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைக்குமாதலால் இருவருக்குமே நஷ்டமில்லை. ஆயினும், உண்மையான கணக்கைச் சொல்லி விற்றால் ஏமாற்றம் நேராது. ஏமாற்றம் நேராத பொருளே நிலைத்துப் பரவும்.

பலகையா, தகடா?

இப்பொழுது முதலில் எழுந்த கேள்விக்குத் திரும்பலாம். 2 சதுர மீட்டர் பரப்பில் விழும் 10 யூனிட்டு வெயிலிலிருந்து இன்றைய மின்பலகை ஏறத்தாழ 2 யூனிட்டு மின்சாரம் தரும். அதனைக் கீஸருக்கு அளித்தால் 2 யூனிட்டு வெப்பமே கிடைக்கும். அதே பரப்பில் வெந்நீர்த் தகடு 5 யூனிட்டு வெப்பம் தருகின்றது. கூரையின் இடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த விரும்புவோர்க்கு இவ்வொப்பீடே போதும்.

ஆனால், பலகையின் பக்கத்திலும் ஒரு வலுவான வாதம் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. ‘ஹீட் பம்ப்’ எனப்படும் வெப்ப ஏற்றி, குளிர்சாதனப் பெட்டியின் தத்துவத்தையே திருப்பிப் பயன்படுத்துகின்றது. அது காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து நீருக்குள் செலுத்துவதால், ஒரு யூனிட்டு மின்சாரத்திற்கு ஏறத்தாழ மூன்று யூனிட்டு வெப்பத்தைத் தருகின்றது. வெப்ப நாட்டில் அது நன்றாகவே வேலை செய்யும். பலகையின் 2 யூனிட்டை அதற்கு அளித்தால் 6 யூனிட்டு வெப்பம் கிடைக்கின்றது. அஃதாவது, வெந்நீர்த் தகட்டிற்குச் சமமோ சற்று அதிகமோ ஆகும். விலை அதிகம், பழுதாகக்கூடிய எந்திரப் பகுதிகளும் உண்டு. எனினும், பல குடும்பங்கள் ஒரே கூரையைப் பகிர்ந்துகொள்ளும் அடுக்கு மாளிகைகளில் தகடுகளுக்கு இடம் போதாது. அங்கே பொதுவான வெப்ப ஏற்றியே பொருத்தமான சாதனமாகும். ஆகவே, தகட்டிற்கும் பலகைக்கும் இடையே பகைமை கற்பிக்க வேண்டியதில்லை. விலக்கத்தக்கது, விடியற்காலையில் மின்சாரத்தை நேரே வெப்பமாக்கும் கீஸர் ஒன்றே.

இவ்விடத்தில் வேளையின் கணக்கு மீண்டும் முன்வருகின்றது. பலகை நண்பகலில் மின்சாரம் தருகின்றது. காலை 6 மணிக்கு ஒன்றும் தருவதில்லை. பகலில் கம்பிக்குள் விட்ட யூனிட்டையும் காலையில் இழுத்த யூனிட்டையும் ஒன்றுக்கொன்று கழித்து, ‘கட்டணம் பூஜ்யம்’ என்று சீட்டு வரலாம். வீட்டுக்காரரின் கணக்கு அத்துடன் தீர்ந்தது. நாட்டின் கணக்கோ தீரவில்லை. காலையில் அவருடைய கீஸருக்கு வந்த மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியினின்று வந்ததே. நண்பகலில் மின்சாரம் மிகுந்தும் காலையிலும் மாலையிலும் குறைந்தும் இருப்பதே இன்று மின்துறையினர் எதிர்நோக்கும் பெரிய சிக்கலாகும்.

அச்சிக்கலைத் தீர்க்கப் பெரும் பொருட்செலவில் மின்கல அடுக்குகள் நிறுவப்பட்டு வருகின்றன. அதே பணியை, உறையிட்ட ஒரு வெந்நீர்த் தொட்டி மிக மலிவாகச் செய்கின்றது. 100 லிட்டர் தொட்டி நண்பகலின் 4 யூனிட்டு வெப்பத்தை மறுநாள் காலைவரை, சில டிகிரி இழப்போடு, காத்து வைக்கின்றது. அதில் அரிய உலோகங்கள் இல்லை; தீப்பற்றும் பொருள் இல்லை; ஊரில் உள்ள குழாய்த் தொழிலாளியே அதனைச் செப்பனிடலாம். தகட்டினால் சுடவைத்தாலும் சரி, பலகையின் மின்சாரத்தைக் கொண்டு வெப்ப ஏற்றியால் சுடவைத்தாலும் சரி, நீரைப் பகலிலேயே சுடவைத்துத் தேக்குதல் வேண்டும் என்பதே எல்லாவற்றிற்கும் பொதுவான நெறியாகும்.

செய்ய வேண்டுவன

கட்டாயச் சட்டம் உள்ள இடங்களில், கருவி இருக்கின்றதா என்று பார்ப்பதோடு நில்லாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது தரும் நீரின் உஷ்ணநிலையை அளந்து பார்க்கும் ஏற்பாடு வேண்டும். கட்டணத் தள்ளுபடியும் அவ்வளவையே பொறுத்திருத்தல் வேண்டும். கட்டிட விதிகளில் வெந்நீர்க் குழாயின் நீளத்திற்கும் விட்டத்திற்கும் உறைக்கும் வரம்பு விதித்தல் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் குழாய் வேலை பயில்வோர்க்கு இக்கருவியைப் பொருத்தவும் படிவு நீக்கவும் கற்பிக்க வேண்டும். பழுதுபார்ப்போர் கிடைக்காமையே பல கருவிகள் கூரைமேல் வெறும் பாரமாகக் கிடப்பதற்குக் காரணம்.

மின்பலகைக்கு உதவித்தொகை பெறும் வீட்டில் வெந்நீருக்கும் ஒரு வழி செய்யப்பட்டிருக்கின்றதா என்று கேட்பது பொருத்தமாகும். கூரையில் 2 சதுர மீட்டரை வெந்நீர்த் தகட்டிற்கு ஒதுக்கிய பின் எஞ்சிய இடத்தில் பலகைகளை அமைப்பதால் நட்டம் ஏதுமில்லை. மருத்துவமனைகள், மாணவர் விடுதிகள், உணவு விடுதிகள் போன்று நாள்தோறும் மிகுதியான வெந்நீர் செலவாகும் இடங்களில் முதல் மிக விரைவில் திரும்புமாதலால், அவற்றிற்கு முதலிடம் தரலாம்.

மின்சார விலையும் இதற்குத் துணை நிற்றல் வேண்டும். 2023 ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் திருத்திய விதிகள், வெயில் காயும் வேளையில் கட்டணத்தைக் குறைத்தும் நெருக்கடி வேளையில் உயர்த்தியும் விதிப்பதற்கு வகை செய்துள்ளன. இம்முறை வீடுகளை எட்டும்போது, அடுக்கு மாளிகையின் வெப்ப ஏற்றி பகலில் ஓடி இரவில் ஓய்வதே லாபகரமாகும். சொந்தக் கூரையற்ற குடும்பங்களுக்கோ கட்டண உயர்வு மட்டும் வந்து மாற்று வழி வராமற்போனால் அது அநீதியாகும். ஆகவே, விலை மாற்றத்திற்கு முன்னரே அவர்கள் வாழும் குடியிருப்புகளில் பொது வெந்நீர்த் தொட்டிகளை அமைத்தல் முறையாகும். அரசாங்கங்கள் கட்டித்தரும் குடியிருப்புகளில் இதனை இன்றே தொடங்கலாம்.

மழைக்காலத்தில் என்ன செய்வது என்ற ஐயம் இறுதியாக எழும். மேகமூட்டத்திலும் சிதறிய ஒளியால் நீர் ஓரளவு சூடேறும். 40 டிகிரிக்குக் குறைந்த நாட்களில் தொட்டியிலுள்ள துணை மின்கம்பி எஞ்சிய சூட்டைத் தரும். ஆண்டில் சில வாரங்கள் மின்சாரத்தின் துணை வேண்டியிருப்பது, மற்ற மாதங்கள் அனைத்திலும் அதனை வீணாக்குவதற்குக் காரணமாகாது.

இஸ்ரேல் 1980 ஆம் ஆண்டிலேயே புதிய வீடுகளில் இக்கருவியைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது; ஸைப்ரஸ் தீவில் பெரும்பாலான வீடுகளில் இது வழக்கமான பொருளாகிவிட்டது; சீனா உலகிலேயே மிகுதியான கருவிகளை நிறுவியுள்ளது. இந்நாட்டில் வெயிலுக்கோ தொழில்திறனுக்கோ குறைவில்லை. பெங்களூரு வழியையும் காட்டியுள்ளது. வழியிலுள்ள பள்ளங்களையும் காட்டியுள்ளது. மின்பலகைகளின் இப்புதிய காலத்தில், கூரைகளில் எத்தனை கிலோவாட்டு ஏறியுள்ளது என்று எண்ணுவதோடு, காலை 6 மணிக்கு எத்தனை கீஸர்கள் அணைந்துள்ளன என்பதையும் மின்துறையினர் எண்ணத் தொடங்குதல் வேண்டும்.